கேமரூன் சிறு கட்சிகள்: 14 சதவீத வாக்கா, 3 இடங்களா?

கேமரூனில் ஒரு கட்சி அதிபர் வேட்பாளரை நிறுத்த வேண்டுமானால், தேர்தல் சட்டத்தின் 121ஆம் பிரிவைத் தாண்டியாக வேண்டும். தேசிய சபை, செனட், மண்டல சபை, நகராட்சி மன்றம் இவற்றில் ஏதாவது ஒன்றில் ஓர் உறுப்பினராவது இருந்தால் போதும். இல்லையென்றால் 300 கையெழுத்துகள் வாங்க வேண்டும், அதுவும் பத்து மண்டலங்களிலும் மண்டலத்துக்கு 30 வீதம். கையெழுத்திடத் தகுதி உள்ளவர்கள் எம்.பி.க்கள், கவுன்சிலர்கள், முதல்நிலை மரபுத் தலைவர்கள் போன்றோர். இவர்களில் பெரும்பாலோர் ஆளும் சி.பி.டி.எம். பக்கம் என்பதால், இந்த வழி காகிதத்தில்தான் திறந்திருக்கிறது. டெபாசிட் 3 கோடி சி.எஃப்.ஏ. பிராங்க்.

எதிர்க்கட்சித் தலைவர் மொரீஸ் கம்தோவின் எம்.ஆர்.சி. கட்சி சறுக்கியது இங்கேதான். 2018 அதிபர் தேர்தலில் 14.23 சதவீதம் வாங்கி இரண்டாமிடம் பிடித்த கட்சி, 2020 பிப்ரவரியில் நாடாளுமன்ற, நகராட்சித் தேர்தல்களைப் புறக்கணித்தது. கையில் ஒரு கவுன்சிலர்கூட மிஞ்சவில்லை. 2025 தொடக்கத்தில் வரவேண்டிய அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் சரிக்கட்டியிருக்கலாம். அரசு அதை 2026க்குத் தள்ளிவிட்டது. கம்தோ மானிடெம் கட்சிக்கு மாறி மனு போட்டார். அதே கட்சியின் பெயரில் இன்னொருவரும் போட்டார். தேர்தல் ஆணையம் கம்தோவின் மனுவைத் தள்ளியது, 2025 ஆகஸ்டில் அரசியலமைப்பு மன்றமும் அதை உறுதிசெய்தது.

இஸ்ஸா சிரோமாவின் எஃப்.எஸ்.என்.சி. கட்சி அதே 2020இல் போட்டியிட்டு, தேசிய சபையின் 180 இடங்களில் வெறும் 3 பிடித்தது. அப்போது சிரோமா அமைச்சர் வேறு; யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2025 ஜூனில் பதவியை விட்டு வந்து அதிபர் தேர்தலில் நின்றார். அதிகாரபூர்வக் கணக்கிலேயே 35.19 சதவீதம். 2020இல் அவர் கட்சியும் புறக்கணித்திருந்தால் அவரும் கையெழுத்துக்கு அலைந்திருப்பார்.

பேரம் பேசும் வழியும் உண்டு. 1992இல் ஆளுங்கட்சி 88 இடங்களோடு பெரும்பான்மைக்கு 3 குறைவாக நின்றபோது, டகோலே டைசலாவின் எம்.டி.ஆர். கட்சி தன் 6 இடங்களைக் கொடுத்து அமைச்சரவையில் நுழைந்தது. ஆனால் ஆள்பவருக்குத் தட்டுப்பாடு இருக்கும்வரைதான் அந்தச் சரக்குக்கு விலை. 1997இல் சி.பி.டி.எம். தனிப்பெரும்பான்மை பெற்றது, எம்.டி.ஆருக்கு ஒரே ஓர் இடம்.

யு.டி.சி. கட்சி வேறு மாதிரி: ஃபூம்பான் நகரையும் சுற்றியுள்ள நூன் மாவட்டத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு 2020இல் 4 இடங்கள், கூடவே நகராட்சி. 121ஆம் பிரிவு அதற்குத் தொல்லையே இல்லை. நூனுக்கு வெளியே வாக்கு இல்லை என்பதுதான் தொல்லை.

கம்தோவைப் போல இரவல் கட்சியில் ஏறுபவர், அதற்குக் கவுன்சிலர் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்தால் போதாது. உள்துறையின் கோப்பில் தலைவராக யார் பெயர் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மானிடெமில் வெடித்தது அந்தச் சண்டைதான். இன்னொரு எதிரணித் தலைவரான கப்ரால் லிபி போய்ச்சேர்ந்த பி.சி.ஆர்.என். கட்சியிலும் நிறுவனரோடு அதே தகராறு.