காரீயம், போரான், நியோடிமியம்: டார்ச் முன்னால் என் அனுபவம்

எரிவாயு டார்ச் சுடரில் கண்ணாடிக் குழாயை உருக்கி வளைப்பதும் ஊதுவதும் எனக்குப் பல வருடப் பழக்கம். எந்தக் கண்ணாடியில் எந்த ஆக்சைடு கலந்திருக்கிறது என்பது சுடரில் காட்டினாலே ஓரளவு பிடிபட்டுவிடும்.

காரீயக் கண்ணாடி கைக்கு இதமானது. 24 சதவீதமோ அதற்கு மேலோ காரீய ஆக்சைடு சேர்ந்தால் சீக்கிரம் இளகும், ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) கூடுவதால் பளபளப்பும் அள்ளும். ஆனால் சுடரில் ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தால் போதும், மேற்பரப்பு சாம்பல் பூத்துக் கறுத்துவிடும். ஆக்சைடிலிருக்கும் ஆக்சிஜனைச் சுடர் பிடுங்கிக்கொள்ள, வெறும் காரீயம் மிஞ்சுவதால் வரும் கறை அது. லேசாக இருந்தால் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டினால் தெளியும். ஆழமாக இறங்கியது போகவே போகாது. புளிப்பான பானத்தை வைத்திருந்தால் காரீயம் கசியும் என்பதால் இதை அலங்காரப் பொருளுக்கு மட்டும்தான் எடுக்கிறேன்.

தினசரி வேலைக்கு போரான் கலந்த போரோசிலிகேட் கண்ணாடிதான். சுமார் 80 சதவீதம் சிலிக்கா, 13 சதவீதம் போரான் ஆக்சைடு. சூட்டில் இது விரிவடைவது சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதனால் சட்டென்று வெடிக்காது. அதே காரணத்தால் இரண்டையும் ஒட்டினால் ஆறும்போது ஒட்டிய இடத்திலேயே விரிசல் விடும். இளக 820 டிகிரி செல்சியஸ் வாக்கில் வேண்டும். ஆக்சிஜன் டார்ச் இல்லாமல் சரிப்படாது.

எனக்கு மிகவும் பிடித்தது, வேலையின்போது கண்ணில் அணியும் டைடிமியம் பாதுகாப்புக் கண்ணாடி. நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற இரண்டு அருமண் உலோகங்களின் ஆக்சைடுகள் கலந்தது. சூடேறும் கண்ணாடியிலுள்ள சோடியம் 589 நானோமீட்டரில் மஞ்சளாகக் கொழுந்துவிட்டு எரியும், உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. இதைப் போட்டதும் அந்த மஞ்சள் மட்டும் காணாமல் போய், உருகும் விளிம்பு பளிச்சென்று தெரியும். ஆய்வகங்களில் சுடர்ச் சோதனைக்கு (சுடரின் நிறத்தை வைத்துத் தனிமத்தைக் கண்டறிவது) வைத்திருக்கும் கோபால்ட் நீலக் கண்ணாடியும் மஞ்சளை மறைக்கும்தான், ஆனால் உலகமே நீலமாகிவிடும். டைடிமியத்தை வெயிலில் பிடித்தால் இளம் ஊதா; சில ஃப்ளோரசன்ட் விளக்கடியில் நீலச் சாயல்.

குறை ஒன்று உண்டு, பெரிய குறை. அகச்சிவப்புக் கதிரை இது போதுமான அளவு தடுக்காது. இந்தக் கதிரால் கண்ணாடி ஊதுவோருக்குக் கண்புரை வருவது பழைய தொழில்நோய். சின்னப் பாசிமணி, மெல்லிய குழாய்க்கு டைடிமியம் போதும். பெரிய போரோசிலிகேட் துண்டை மணிக்கணக்கில் காய்ச்சுகிறவர்கள் அதோடு வெல்டிங் ஷேடும் (வெல்டிங் செய்வோர் அணியும் கருமையான வடிகட்டி) சேர்ந்த கண்ணாடி வாங்குங்கள், கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.