14416: ஜெபக்குழு கையில் இருக்கவேண்டிய எண்

டெலி மனாஸ் 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண். கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு. மொழி கேட்கும்போது தமிழைத் தேர்ந்தெடுத்தால் ஆலோசகர் பேசுவார். சென்னை சபையாருக்கு இதில் பெரிய லாபம் ரகசியம்தான். ஜெபக்குறிப்பாகச் சொன்னது ஆராதனை முடிவதற்குள் வாட்ஸ்அப்பில் சுற்றிவிடுகிறதே!

தொடர் சிகிச்சைக்கு போன் போதாது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை போன்ற இடத்துக்கு நேரில் போகவேண்டும். மனச்சோர்வு மாத்திரை பலன் காட்ட 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும். அதற்குள் உபவாச ஜெபத்தில் யாராவது "விசுவாசத்தோடு மாத்திரையை நிறுத்துங்க" என்பார். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். அதையும் பிசாசின் கிரியை என்பதுதான் கொடுமை. மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பது மருத்துவர் வேலை, போதகர் வேலையல்ல.