காண்டோ காப்பீடு: இணையமா, உள்ளூர் முகவரா?

அமெரிக்காவில் காண்டோ, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில் சொந்த வீடு, வைத்திருப்பவர்கள் எடுக்கும் காப்பீட்டுப் பாலிசிக்கு எச்ஓ-6 என்று பெயர். முதல் ஆண்டு இணையத்திலேயே எடுத்தேன். வீட்டின் உட்புறத்துக்கு எவ்வளவு என்று கேட்ட கட்டத்தில் குத்துமதிப்பாக ஒரு தொகையைத் தட்டினேன். கணினி மறுபேச்சுப் பேசவில்லை.

புதுப்பிக்கும் சமயத்தில் உள்ளூர் முகவரிடம் போனேன். நாற்காலியில் உட்காரும் முன்பே, "சங்கத்தின் மாஸ்டர் பாலிசி கொண்டுவந்தீர்களா?" என்றார். வீட்டு உரிமையாளர் சங்கம் கட்டடம் முழுவதற்கும் எடுத்து வைத்திருக்கும் பாலிசி அது. விஷயம் முழுவதும் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. சில சங்கங்களின் பாலிசி வெறும் சுவரோடு நின்றுவிடும். தரை, சமையலறை அலமாரி, குளியல் தொட்டி எல்லாம் நம் தலையில். சில பாலிசிகள் கட்டும்போது போட்டுக் கொடுத்தவற்றை ஏற்கும். பிறகு நாம் ஆசைப்பட்டுப் பதித்த கிரானைட்டை ஏற்காது. அதையும் சேர்த்துக்கொள்பவை உண்டு. எங்கள் சங்கத்துடையது வெறும் சுவர் வகை. நான் தட்டிய தொகை தரைக்கே போதாது.

அடுத்து அவர் விரல் வைத்த இடம் டிடக்டிபிள், அதாவது காப்பீட்டு நிறுவனம் பணம் தரும் முன் பாலிசி எடுத்தவர் தாமே ஏற்க வேண்டிய தொகை. சங்கத்தின் டிடக்டிபிள் 50,000 டாலர், வீடுகள் 20 என்றால், ஒரு விபத்துக்குப் பின் வீட்டுக்கு 2,500 டாலர் கேட்டுக் கடிதம் வரலாம். வழக்கமான எச்ஓ-6 இதற்கு 1,000 டாலர்தான் தரும். கூடுதல் பணம் கட்டி வரம்பை உயர்த்தினாலும், டிடக்டிபிளுக்கான வசூலுக்கு மட்டும் அந்த 1,000 அப்படியே நிற்கும் பாலிசிகள் இருக்கின்றன. இணையப் படிவத்தில் இதைக் கேட்க யாரும் இல்லை.

அதற்காக எல்லா முகவரும் ஒன்றல்ல. ஒரே நிறுவனத்துக்கு விற்பவர் அந்த நிறுவனத்தின் விலையைத்தான் சொல்வார். பல நிறுவனங்களோடு தொடர்புள்ள சுயேச்சை முகவர் நாலைந்து விலைகளை எடுத்து வைப்பார். என் ஓட்டு இவருக்கே. கமிஷன் பிரீமியத்துக்குள்ளேயே இருப்பதால் தனியாகக் கட்டணம் கேட்பது அபூர்வம். இணையத்தில் விலை குறைவாக அமைவதும் உண்டு, மறுக்கவில்லை. மாஸ்டர் பாலிசியை வரிவரியாகப் படிக்கும் பொறுமை உள்ளவருக்கு அது போதும்.

எந்த வழியில் எடுத்தாலும் வெள்ளச் சேதம் எச்ஓ-6-இல் அடங்காது, அதற்குத் தனிப் பாலிசி. சாக்கடை நீர் குழாய் வழியே எதிர்த்து வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும், பேச்சு முடிந்து நான் எழுந்தபோது, முகவர் அவராகவே கேட்டார்.