கேஸ் போகவில்லை, போனது என் 4,200 ரூபாய்

பாளையங்கோட்டைப் பக்கம் ஃபிரிட்ஜ் பழுது பார்க்க ஆள் தேடுகிறவர்கள், ஆளை வீட்டுக்குள் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன மாதம் எங்கள் ஃப்ரீசரில் வைத்த சீலா மீன், விரலால் அழுத்தினால் அமுங்கியது. துருவி வைத்திருந்த தேங்காயில் புளித்த வாடை. கதவிலோ 'மைனஸ் 18' என்று ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. கூகுளில் கம்பெனியின் பெயரோடு 'சர்வீஸ்' என்று தேடி, முதலில் வந்த எண்ணை அழைத்தேன். அது விளம்பரம். உண்மையான எண் ஃபிரிட்ஜிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது, கண்ணில் படவில்லை.

நீலச் சட்டையில் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவர் குனிந்து கம்ப்ரசரைத் தொட்டுவிட்டு, "கேஸ் லீக் ஆகிவிட்டது அக்கா" என்றார்.

"குளிரை அளக்கும் சென்சாராக இருக்குமோ தம்பி?"

"சென்சார் போயிருந்தால் 18 காட்டுமா?"

வாயை மூடிக்கொண்டேன். எங்கள் மாடலில் அந்த எண் நாம் வைத்த அளவைத்தான் காட்டும், உள்ளிருக்கும் குளிரைக் காட்டாது என்பது அப்போது தெரியாது. குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள், பேசினார்கள், 20 நிமிடத்தில் "ஏற்றியாகிவிட்டது" என்றார்கள். 4,200 ரூபாய். ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை.

இரண்டாம் நாளே மீன் மறுபடி இளகியது. அழைத்தால் எடுக்கவில்லை.

பிறகு தெரிந்தவர் மூலம் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "கம்ப்ரசர் ஓயாமல் ஓடுகிறதா, பாதி நேரம் நிற்கிறதா?" பெரும்பாலும் சத்தமே இல்லை என்றேன். கேஸ் குறைந்திருந்தால் குளிர் எட்டாமல் அது ஓடிக்கொண்டே அல்லவா இருக்கும் என்றார். டார்ச் அடித்துப் பின்பக்கம் காட்டினார். கேஸ் ஏற்றும் செப்புக்குழாயின் முனை கம்பெனியில் மூடியபடியே இருந்தது. அதன் குறுக்கே பின்னியிருந்த ஒட்டடைகூட அறுபடவில்லை. எங்கள் ஃபிரிட்ஜில் இருப்பது ஆர்600ஏ என்ற வகைக் கேஸ். அதில் சில பத்து கிராம் கேஸ்தான் இருக்கும். லீக்கை அடைத்து, ஃபில்டர் மாற்றி, பம்ப் வைத்துக் குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி (வேக்கம்), தராசில் நிறுத்து ஏற்ற வேண்டுமாம். தீப்பிடிக்கும் கேஸ் வேறு. வந்தவர்களிடம் பம்ப்பும் இல்லை, தராசும் இல்லை.

அண்ணாச்சி ஃப்ரீசரின் பின்தகட்டைக் கழற்றி, பயறு அளவுச் சென்சாரை வெளியே எடுத்தார். டம்ளரில் ஐஸும் தண்ணீரும் கலக்கி, பழையதையும் புதியதையும் ஒன்றாக முக்கி, மல்டிமீட்டரை வைத்தார். குளிரக் குளிர மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) ஏறுவது அதன் குணம். புதியது 32 கிலோ ஓமை ஒட்டி நின்றது. பழையது 60-ஐத் தாண்டியது. பூஜ்ஜியம் டிகிரியில் இருந்துகொண்டே மைனஸ் 10-க்கும் கீழே இருப்பதாக, கம்ப்ரசரை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டிடம் பழைய சென்சார் பொய் சொல்லியிருக்கிறது. போர்டும் நம்பி, கம்ப்ரசரைச் சீக்கிரமே நிறுத்தியிருக்கிறது. (மாடலுக்கு மாடல் ஓம் கணக்கு மாறும், என் எண்ணை வைத்து உங்களுடையதைச் சோதிக்காதீர்கள்.) சென்சார் 250, கூலி 300.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். நேற்று என் கணவரின் போனிலிருந்து அந்தப் பழைய எண்ணை அழைத்துப் பார்த்தேன். அதே குரல், இம்முறை வேறொரு கம்பெனியின் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது.