ராஸ்பெர்ரி ஷேக் 1டி: எட்டு மாதம் ஓடவிட்ட பிறகு

தரைத்தளத்தில் ஒரு மூலையில் எட்டு மாதமாக, வீட்டிலேயே நிலநடுக்கம் பதியும் இந்தக் குட்டிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே தரை மேலும் கீழும் ஆடுவதை மட்டும் உணரும் ஒரே ஒரு ஜியோபோன் (அதிர்வு உணரி), கூடவே ஒரு ராஸ்பெர்ரி பை கணினி, அவ்வளவுதான். நொடிக்கு 100 முறை அளந்து பதிந்துகொண்டே இருக்கும்.

முதல் வாரம் எனக்குக் கிடைத்ததெல்லாம் வாஷிங் மெஷின் நடுக்கம்தான். மர அலமாரியில் வைத்தது என் தப்பு, கான்கிரீட் தரைக்கு இறக்கி மட்டம் பார்த்த பிறகுதான் கோடு அடங்கியது. 2020 ஊரடங்கில் தரையின் இரைச்சல் (ஆள், வண்டி நடமாட்டத்தால் எழும் நடுக்கம்) உலகெங்கும் குறைந்ததைக் காட்டிய ஆய்வில் இந்தப் பெட்டிகளின் பதிவுகளும் இருந்தன, அதனால் இரைச்சலையும் ரொம்பத் திட்ட மனம் வரவில்லை.

அருகில் நிலநடுக்கம் என்றால் குழப்பமே இல்லை: வேகமாக முதலில் வந்துசேரும் பி அலை சட்டென்று வெட்டும், பின்னால் மெதுவான எஸ் அலை வரும், நடுவில் உள்ள நொடிகளை 8-ஆல் பெருக்கினால் தூரம் ஏறக்குறைய கிலோமீட்டரில் வந்துவிடும். பாறைச் சரிவு அப்படியில்லை. மெதுவாக எழும்பி, நடுவில் பருத்து, மெதுவாகத் தேயும், அதில் பி எது எஸ் எது என்று பிரிக்கவே முடியாது. சேறும் கல்லும் கலந்து ஓடையில் இறங்கும் வெள்ளமோ நிமிடக்கணக்கில் உறுமும். (என் பெட்டியில் இவை இரண்டும் பதிவானதில்லை, பக்கத்தில் மலையே கிடையாது! ஆய்வாளர்கள் பொதுவில் வைத்த பதிவுகளை ஸ்வார்ம் என்ற இலவச மென்பொருளில் திறந்து, என்னுடையதோடு ஒப்பிட்டுக் கற்றதுதான்.)

அந்தச் சேற்றுவெள்ள உறுமல் பெரும்பாலும் 10 முதல் 50 ஹெர்ட்ஸுக்குள் (நொடிக்கு 10 முதல் 50 அதிர்வு) இருக்கும், ஓர் அதிர்வைப் பிடிக்க இரண்டு முறையாவது அளக்க வேண்டும், நொடிக்கு 100 முறை அளப்பதால் இந்தப் பெட்டியும் 50 வரை பார்க்கும். ஆனால் அவ்வளவு வேகமான அதிர்வு மண்ணில் சீக்கிரம் செத்துவிடும், ஆகவே ஓடைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அமெரிக்காவின் ரெய்னியர் எரிமலையில் 1998-இல் அமைத்த சேற்றுவெள்ள எச்சரிக்கையும், சுவிட்சர்லாந்தின் இல்கிராபன் ஓடையில் நடக்கும் கண்காணிப்பும் ஓடையை ஒட்டி வைத்த ஜியோபோன்களை நம்பித்தான்.

குறைகள்? ஒற்றைப் பெட்டியை வைத்து எங்கே நடந்தது என்று சொல்ல முடியாது, தூரம் மட்டும்தான், திசை தெரியாது. தொலைதூரப் பெரிய நடுக்கங்களின் நீண்ட அலைகளில் தடுமாறுகிறது. இணையம் போனால் நேரம் நழுவும், ஜிபிஎஸ் மாட்டினால் சரி. அப்புறம், எஸ் அலை பக்கவாட்டில்தான் நன்றாகத் தெரியும், மூன்று ஜியோபோன் உள்ள 3டி மாடலுக்கே போயிருக்கலாம்.