இரண்டு வருடம் ஓடிய ஃபங்ஷன் ஜெனரேட்டர்: திரையில் தெரியும் வோல்ட்டை நம்பாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டியூஷன் நிலையம் வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: உயிருள்ள ஈஸ்ட்டையும் செத்த ஈஸ்ட்டையும் மின்புலத்தில் பிரித்துக் காட்ட இந்தப் பெட்டி, அதாவது வேண்டிய அலைவெண்ணில் மாறும் வோல்ட்டைத் தரும் ஃபங்ஷன் ஜெனரேட்டர், போதுமா? 1966-லேயே அமெரிக்க விஞ்ஞானி ஹெர்பர்ட் போல் செய்து காட்டிய வேலைதான், போதும். ஆனால் திரை பொய் சொல்லும்.

20 வோல்ட் வைத்து, 50 மைக்ரான் இடைவெளியுள்ள சீப்புப்பல் மின்முனைச் சில்லில் மாட்டினால், வோல்ட்டை அலையாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் 11தான் வருகிறது. பெட்டிக்குள் 50 ஓம் தடை இருக்கிறது. சில்லில் விட்ட திரவம் உப்பாக இருந்தால் பாதி வோல்ட் அந்தத் தடையிலேயே போய்விடும். இழுக்கும் விசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்ட் பாதியானால் விசை கால்வாசிதான் மிஞ்சும். செல் நகரவில்லை என்று சில்லைக் குறை சொல்பவர்கள் முதலில் சில்லின் முனையிலேயே அளந்து பார்க்கட்டும். ஆசிலோஸ்கோப்பின் அளக்கும் கம்பியான புரோபை 10 எக்ஸில் வையுங்கள். 1 எக்ஸில் வைத்தால் புரோபே சுமையாகிவிடும். இதை ஒரு வரி கையேட்டில் போட்டிருக்கலாம். இரண்டு வருடமாக எனக்கு இதே எரிச்சல்.

திரவத்துக்கு, கார் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் ஒரு லிட்டரில் 85 கிராம் வெள்ளைச் சீனி. ரொட்டி ஈஸ்ட்டை அதில் மூன்று தடவை கழுவ வேண்டும். திரவத்தின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 100 மைக்ரோசீமன்ஸைத் தாண்டக் கூடாது. கழுவாமல் விட்டால் திரவம் சூடேறிச் சுழலும், செல்லும் கூடவே சுற்றும். செத்த செல்லை நீலமாக்கும் சாயமான மெத்திலீன் நீலமும் உப்புதான், ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். அலைவெண் 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினால் குமிழி வந்து மின்முனையின் தங்கப் பூச்சு உரிந்துவிடும்.

தோட்டத்து ரப்பர் பால் கிடைக்கிறதே என்று அதையும் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் மடங்கு தண்ணீர் கலந்தாலும் ரப்பர் துகள் சோம்பலாகத்தான் நகரும். விசை துகளின் ஆரத்தின் மும்மடியைப் பொறுத்தது, துகளோ ஈஸ்ட்டைவிடச் சின்னது.

இவ்வளவு திட்டியும் மறுபடி இதையேதான் வாங்குவேன். காரணம் அலைவெண் குமிழ். 1 மெகாஹெர்ட்ஸில் உயிருள்ள செல்கள் தங்க விளிம்புக்கு ஓடி மணிமாலையாகக் கோத்துக்கொள்ளும். கொதிக்கவைத்த நீலச் செல்கள் நடுவிலேயே கிடக்கும். குமிழை மெல்லக் கீழே திருப்பினால், ஓர் இடத்தில் மாலை அறுந்து செல் ஒவ்வொன்றாகப் பிடியை விடும்.