ஏழு வருடமாகக் கையில் இருக்கும் ஹேமர் மெஷின்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எலக்ட்ரிக்கல், பிளம்பிங் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஃபேன் கொக்கி, கீசர், பைப் கிளாம்பு என்று துளை போடாத நாள் குறைவு.

தொழிலுக்கு வந்த புதிதில், விலையைப் பார்த்து 13 எம்எம் இம்பாக்ட் டிரில் ஒன்று வாங்கினேன். செங்கல் சுவரில் சுகமாக இறங்கியது. ஒரு நாள் மொட்டைமாடித் தொட்டிக்குக் கீழே, கான்கிரீட் பீமில் ஆங்கர் போல்ட்டுக்காக 12 எம்எம் துளை போட வேண்டியிருந்தது. அரை அங்குலத்தில் பிட் (துளைக்கும் முனைக் கம்பி) நின்றுவிட்டது. உடம்பு எடை முழுவதையும் கொடுத்து அமுக்கினேன். பின்பக்கக் காற்றுத் துளைகளுக்குள் நெருப்புப் பொறி வட்டமாகச் சுற்றியது, வார்னிஷ் கருகும் வாடை. மோட்டாருக்குள் சுழலும் காயில், அதாவது ஆர்மேச்சர், போய்விட்டது.

ரிப்பேர் கடை அண்ணன் கழற்றி, பல் வைத்த இரண்டு வட்டுகளைக் காட்டினார். "இது ரெண்டும் உரசித்தான் அதிருது தம்பி. இதுல அடிக்கிறது மெஷின் இல்ல, உன் கைதான்" என்றார். ஹேமர் மெஷின் அப்படியில்லை. உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று சுத்தியலைத் தள்ளி பிட்டின் வாலில் அடிக்கிறது. நாம் பிடித்துக்கொண்டால் போதும்.

அப்புறம் வாங்கியதுதான் பாஷ் ஜிபிஎச் 2-26 டிஆர்இ. 800 வாட், ஒரு அடியின் சக்தி 2.7 ஜூல். வாட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், கான்கிரீட் வேலைக்கு ஜூல்தான் பேசும். அதே பீமில் அதே 12 எம்எம் துளை ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. ஏழு வருடத்தில் மூன்று முறை கார்பன் (மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் பிரஷ்) மாற்றியிருக்கிறேன், அது தேயத்தான் செய்யும். கடைக்குப் போய் நிற்காமல் நானே மாற்றிவிடுவேன். உங்கள் ஊரில் கார்பனும் ஆர்மேச்சரும் கிடைக்கிறதா என்று ரிப்பேர் கடையில் கேட்டுவிட்டு மெஷினை முடிவு செய்யுங்கள். எவ்வளவு நல்ல மெஷினானாலும் ஸ்பேர் இல்லாவிட்டால் மூலையில்தான் கிடக்கும்.

மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டவே மாட்டேன். நீளமாக இழுத்தால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் பாக்ஸ் கட்டி வைத்திருக்கிறேன். சீலிங்கில் துளை போடும்போது டீக்கடை பேப்பர் கப்பின் அடியைத் துளைத்து பிட்டில் மாட்டிக்கொள்வேன். தூள் கப்பிலேயே நிற்கும், பிட்டைப் பிடிக்கும் சக்குக்குள் போகாது. பிட் வாலில் ஒரு துளி கிரீஸ் தடவ மறப்பதில்லை.

மரம், டைல்ஸுக்கு இதை எடுப்பதில்லை, அதற்குச் சின்ன டிரில் தனியாக உண்டு. கார்பென்டர் வேலை மட்டும் செய்பவருக்கு ஹேமரே தேவையில்லை.

போன மாதம் சீலிங்கில் பிட் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் மாட்டிக்கொண்டது. கிளட்ச் கடகடவென்று சத்தம் போட, மோட்டார் ஓடியும் பிட் நின்றுவிட்டது. இரண்டாவது கை சைடு ஹேண்டிலில் இருந்ததால் மணிக்கட்டு தப்பியது. சைடு ஹேண்டில் மாட்டாமல் என் ஹெல்பர் பையனிடம் மெஷினை இப்போது கொடுப்பதே இல்லை.